வட்டி

எங்கள் தெருவில் வட்டி என்றால்
காலையில் பைக்கில் வந்து வாசலில் நிற்கும்.
நோட்டில் கையெழுத்து வாங்கும். திட்டும்.
எங்களைத் தேடி வந்த வட்டி
இது ஒன்றுதான்:
அ. ஆக்னஸ் ப்ரீத்தி நினைவு கல்வி உதவித்தொகை.
ரூபாய் பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.

அந்த நாற்பது என்னவென்று முதலில் புரியவில்லை.
யாரும் சில்லறையோடு தானம் செய்வதில்லையே.
பிறகு தெரிந்தது.
எண்ணூர் நெடுஞ்சாலை, மார்ச் மாதம்,
மாலை ஐந்தேகால், டிரெய்லரின் பின்சக்கரம்.
ஐந்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்த பின்
ஒரு பத்தொன்பது வயதுக்கு இவ்வளவு என்று
நீதிபதி போட்ட கணக்கு
பேங்கில் டெபாசிட்டாகக் கிடக்கிறது.
அசலை அவர்கள் வீட்டில் தொடுவதில்லை.
வட்டி எனக்கு.

விண்ணப்பத்தில் ஆறாவது கட்டம்: தகப்பனார் தொழில்.
"கூலின்னு போட்டுடேன்" என்றாள் அம்மா.
நான் முழுதாகவே எழுதினேன்,
கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுநர் என்று.
எழுதிவிட்டு இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

ஆக்னஸ் பெயரைக் கேட்டதும் அப்பா
தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்:
"நான் அன்னிக்கு சூலூர்பேட்டைல
லோடு எறக்கினு இருந்தேன்."
யாரும் கேட்கவில்லை.
தேதியை யாரும் சொல்லவுமில்லை.

காசிமேட்டில் மூன்றாவது மாடி.
ஜெசிந்தா அம்மா ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்.
ஜன்னலுக்குக் கீழே ஜீரோ கேட் வரைக்கும்
லாரிக்குப் பின் லாரி, லாரிக்குப் பின் லாரி.
கண்ணாடி போட்டு மேலிருந்து வாசித்து வந்தவர்
ஆறாவது கட்டத்தில் நின்றார்.
நான் சுவரில் ஆக்னஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
படத்தில் அவளுக்குக் கண் பாதி மூடியிருக்கிறது.
இதைவிட நல்லது கிடைக்கவில்லையாம்.

"அப்பா ராத்திரில எத்தினி மணி நேரம் தூங்குறாரு?"

அவ்வளவுதான் கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
மூன்று நாள் க்யூவில் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து
பின்னால் ஹாரன் அடித்தால் விழித்து
ஒரு வண்டி நீளம் நகர்த்தி
மறுபடியும் கவிழ்வதில்
எதை எண்ணுவது, எதை விடுவது.

அந்தப் பணத்தில் செகண்ட் ஷிப்ட் பீஸ் கட்டினேன்.
லேப் கோட்டு ஒன்று, பழைய புத்தகம் நான்கு,
கொஞ்சம் பஸ்ஸுக்கும் போனது,
ஒருதரம், சொல்லிவிடுகிறேன், அத்தோ சாப்பிட்டேன்.

இரண்டாம் வருஷம் பேங்க் வட்டியைக் குறைத்தது.
காசோலையில் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
கூடவே ஒரு கவரில் அறுநூற்று அறுபது ரூபாய்,
நோட்டில் மீன் செதில் ஒட்டியிருந்தது.
"ஆக்னஸுக்குக் கொறையக் கூடாது" என்றார்,
எனக்கு என்று சொல்லவில்லை.
அந்த ஆவணியில் நான்
அவளை வயதில் தாண்டினேன்.
இனி அக்கா என்று எப்படிச் சொல்வது?
வேறு எதுவும் சொல்லவும் வரவில்லை.

நேற்று, நாலு நாளைக்குப் பிறகு வந்த அப்பா
செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார்.
பக்கத்தில் உட்கார்ந்து டைட்ரேஷன் கணக்கை
ரெகார்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
ஒன்று இருபதுக்கு அவர் போன் அடித்தது.
லைன் நகர்கிறதாம், உடனே வரணுமாம்.
அப்பாவின் குரட்டை ஒரு கியர் மாறியது.
"தூங்குறாரு" என்றேன்.
அந்தப் பக்கம் கத்தினார்கள்.
"மூணு மணி நேரம்தான் ஆவுது" என்றேன்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ரெகார்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்:
பத்து இருபதுக்குப் படுத்தார்.