சுண்ணாம்பு உதிரும் அறை

ஆகஸ்டில் வந்திறங்கிய சட்டைகளில்
இன்னும் பிளாஸ்டிக் வாசம்.
மஞ்சளில் கறுப்புக் கோடு,
நெஞ்சில் ஒரு சோபாக் கடையின் பெயர்.
முதல் ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யம்.
மீன்வறுவல் கடை வரிசையில்
முன்பின் தெரியாதவர் தோளையெல்லாம் தட்டினார்கள்,
மேல் டிவிஷனுக்கு நாளைக்கே வண்டியேறுவதுபோல.
நான் வாய் திறக்கவில்லை.
பதினோரு அரைக்கால் சட்டையிலும்
ஒரு புல்கறை இல்லை.
விழாமல் வென்ற ஆட்டத்தை
நம்பக் கூடாது.

பதினெட்டு வருடமாக
ஆர்ன்ஸ்கில் டவுனுக்குத் துவைத்துப் போடுகிறேன்.
ஆட்டம் பார்த்ததில்லை.
மேற்கு ஸ்டாண்டுக்கு அடியில் என் அறை.
நாங்கள் கோல் அடித்தால்
மேலே ஆறாயிரம் கால்கள் குதிக்கும்,
கூரைச் சுண்ணாம்பு என் தலையில் உதிரும்.
எதிரணி அடித்தால்
கூரை மூச்சே விடாது.
என் ஸ்கோர்போர்டு அவ்வளவுதான்.

அக்டோபர் முழுக்கத் தலை சுத்தமாக இருந்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
மேனேஜர் டன்னிங்டனைப் போகச் சொன்னார்கள்.
படியிறங்கி வந்து,
கோட்டு காய்ந்துவிட்டதா பெரில், என்றார்.
இல்லை என்றேன்.
ஈரத்தோடே மாட்டிக்கொண்டு போனார்.
அடுத்த வாரம் வந்தவருக்கு
என் பெயர் கடைசிவரை பெட்டி.

யெப்பே என்றொரு டேனிஷ் பையன்,
கடனாக வந்தவன்.
ஒவ்வொரு கோலுக்கும் இடது முழங்காலில் சறுக்குவான்.
அந்த ஒரு கறைக்குத் தனி சோப்பு வைத்திருந்தேன்.
ஜனவரியில்,
கடன் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.
இருபத்தேழாம் எண் சட்டையிலிருந்து
எழுத்துகளை ஆவி காட்டி உரித்தேன்.
துணியில் அவன் பெயர்
நிழலாக நின்றுவிட்டது.
அதன் மேலேயே
அடுத்தவன் பெயரை ஒட்டினேன்.

மேல் டிவிஷனில்
ஒருமுறை போட்ட சட்டையை
மறுமுறை போட மாட்டார்களாம்.
கீழ் டிவிஷனில்
அவரவர் அம்மா துவைப்பாளாம்.
இடையில் இந்த இரண்டாம் டிவிஷன்.
என் சம்பளம் தொங்குவது இங்கேதான்.
மார்ச்சில் நாங்கள் இருபத்திரண்டாம் இடம்;
அலுவலகத்துப் பையன் கண்ணைப் பார்க்காமல்
சேர்ந்த தேதி கேட்டு எழுதிக்கொண்டான்.

அந்த வாரம்தான்
கேப்டன் ஆஷ்பர்னின் காலுறைகள்
உள்பக்கம் வெளியாகச் சுருண்டு கிடந்தன.
முப்பத்தைந்து வயது.
இருபத்தைந்து பேரில் அவன் ஒருவன்தான்
காலுறையை நேராக்கிப் போடுகிறவன்.
நான் எதுவும் கேட்கவில்லை.
நேராக்கிப் போட்டேன்.

மே மாதம், கடைசி ஆட்டம், மழை.
சமன் செய்தால் போதும் என்றார்கள்.
ஒரு மணிநேரம் இயந்திரத்தின் உறுமல் மட்டும்.
பிறகு மேலே பேச்சு நின்றது;
தேவாலயத்தில்கூட அப்படி ஓர் அமைதி கேட்டதில்லை.
புரிந்தது.
இயந்திரத்தை நிறுத்திவிட்டு
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்போது உதிர்ந்தது.
தூளாக அல்ல, தட்டுத்தட்டாக.
முடியில், சட்டைக் கழுத்துக்குள், ஆறிய தேநீரில்.
சமன் செய்துவிட்டோம் என்று
இஸ்திரி மேசையை முத்தமிட்டேன், மடச்சி.

நாங்கள் அடிக்கவேயில்லை.
நூறு மைல் தள்ளி
வேறொரு மைதானத்தில் எவனோ ஒருவன்
எங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு
அடித்த கோல் அது.
ஊர் முழுக்கப் போனைப் பார்த்துக் குதித்திருக்கிறது.
ஒன்றுக்குப் பூஜ்யம், தோல்வி.
இருபத்தோராம் இடம்.

சட்டைகள் வந்தன.
மஞ்சள் எது கறுப்பு எது தெரியாத சேறு.
இரண்டு முறை ஓட்டியும் தண்ணீர் தெளியவில்லை.
ஆஷ்பர்னின் மூட்டையைக் கடைசியில் பிரித்தேன்.
ஒரு காலுறை நேராக,
மற்றது சுருண்டு.

இரவு எட்டே முக்கால் பஸ்.
என் தலையைப் பார்த்துவிட்டு டிரைவர் கேட்டான்:
ஜெயித்தோமா?
தோற்றோம் என்றேன்.
அருமை, என்று கதவைச் சாத்தினான்.