தொண்ணூறு

தொண்ணூறு என்றால் தொண்ணூறுதான் என்றார் தயாளன்,
அலமாரிக்கு அளவெடுத்த அன்றைக்கே.
ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும்.
டர்பன் துறைமுகத்தில் பெட்டிக் கணக்கு பார்க்கிறவளுக்கு
இதுகூடவா புரியாது?

புரிந்தது.
பெட்டிக்குள் பெட்டி வைத்து வருவதையும்
இருபது வருடமாய்ப் பார்க்கிறவள் நான்.

கேப்டவுன் நால்வர் குழு ஒன்றின் அட்டைக்குள்
ஒரு பியானோக்காரரை ஒண்டவிட்டேன்.
அவ்வளவுதான்.
பிறகு சம்பளம் விழும் இருபத்தைந்தாம் தேதிதோறும்
யாராவது வந்து சேர்ந்தார்கள்:
நாட்டைவிட்டுப் போய் லண்டன் குளிரில்
ஒரே இரவில் பதிவுசெய்த ஐவர்,
பின்னட்டையில் பெயர் போட மறந்துபோன
டிரம்பெட்காரர்,
போர்ட் எலிசபெத்தின் மூவர், அறுபத்தெட்டாம் வருடம்,
முந்நூறே பிரதி;
இரண்டாம் பக்கத்தில், பேஸ் தனியாகப் பேசும்போது
யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரிப்பார்.
அந்தச் சிரிப்புக்காக ஒரு மாதம்
இறைச்சி வாங்கவில்லை.

ஞாயிறு காலை தயாளன் முதுகுகளை எண்ணுவார்.
தொண்ணூறு.
திருப்தியாகத் தேநீர் போட்டுத் தருவார்.
உள்ளே நூற்று முப்பத்தேழு தட்டுகள்
தோளோடு தோள் இடித்து
மூச்சை அடக்கி நிற்கும்.

மின்வெட்டு நேரம் தெரிந்தே
சில இரவு ஊசியை வைப்பேன்.
சாக்ஸபோன் உச்சிக்கு ஏறும் தறுவாயில்
சாட்ஸ்வர்த் முழுக்க இருண்டுபோகும்.
ஒலிபெருக்கி அக்கணமே செத்துவிடும்,
தட்டு மட்டும் பழைய வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஓடும்.
காதை அதன்மேல் கவிழ்த்தால்
ஊசிமுனையில் கொசு அளவுக்கு அதே குரல்,
தடித்து,
இன்னும் தடித்து,
முன்னங்கால் மடக்கிப் படுக்கும் எருமை.
இரண்டு மணி நேரம் கழித்து
விளக்கு வரும்போது
அதே இடத்தில் எருமை எழுந்து
பறவையாகும்.
இதற்காகவே மின்வாரியத்தைத் திட்டுவதில்லை நான்.

ஆகஸ்டில் பிசகினேன்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் பஸ் ஓட்டுநர் பெக்கி சித்தோலேயோடு
சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மாற்று.
அவருடையது எனக்கு, என்னுடையது அவருக்கு,
வெயில், கைகுலுக்கல்.
வீட்டுக்கு வந்து விரல் தேடியபோதுதான் தெரிந்தது:
கொடுத்த அட்டைக்குள் அந்த மூவரும் போய்விட்டார்கள்,
சிரித்தவரோடு.

திருடனுக்குத் தேள் கொட்டின கதை.
யாரிடம் கத்துவது?
சித்தோலே போனை எடுக்கவில்லை.
ஒரு வாரம் குழம்பில் உப்பு சரியாக விழவில்லை.

அடுத்த சனிக்கிழமை கிடங்கில் கணக்கெடுப்பு என்று சொல்லிவிட்டு
மாற்றி வாங்கிய அட்டையைக் கைப்பையில் செருகி
மலையேறினேன்.
ஹில்க்ரெஸ்டில் பனி, லாரிகளின் பின்விளக்கு மட்டும்.
எடென்டேலில் கதவைத் திறந்தவர்
என்னை உள்ளே கூப்பிடவில்லை.
பின்னால் அவர் மனைவி, இடுப்பில் கை.
"மிஸஸ் மூட்லி! மாற்று வேண்டாம் என்றா வந்தீர்கள்?"
தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்,
தன் அட்டையை வாங்கிக்கொண்டார்,
என் அட்டையை என் கையில் வைத்து
ஒரு கண்ணை மூடித் திறந்தார்.

காருக்குள் பிரித்துப் பார்த்தேன்.
என்னுடைய இரண்டும் இருந்தன.
மூன்றாவதாக ஒன்று,
ஜோஹன்னஸ்பர்க் முத்திரை, கீறலே இல்லை.
பஸ் டிக்கெட்டின் பின்புறம் பென்சிலில்:
எங்கள் வீட்டில் எழுபதுதான்.
இவரைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு.
தயாளன் எண்ணிக்கொண்டே வந்தார்.
ஐம்பத்தொன்றில் நின்றார்.
ஓரம் பிரிந்திருந்த அட்டையின் வயிற்றைத் தடவினார்.
"இதுக்கு எத்தனை மாசம்?"

எண்ணுவது உங்கள் வேலைதானே என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்,
இந்த முறை ஒவ்வொன்றையும்
விரலால் அழுத்தி, அழுத்தி.