பனி நின்ற கோடு

பத்திரம் பதிந்த அன்று நாணயம் சுண்டினோம்,
அண்ணன் டோர்கில்டும் நானும்.
அவனுக்குக் கிழக்கு. எனக்கு மேற்கு.
வீபோர் நகரத்து வக்கீல்
வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து
இரண்டும் சமம் என்றார்,
ஹெக்டேர் கணக்கில்.

கோடு அதற்கு முன்பே இருந்தது.
இருபதாயிரம் குளிர்காலத்துக்கு அப்பால்
வடகிழக்கிலிருந்து ஊர்ந்துவந்த பனியாறு
இன்று எங்கள் மாட்டுக்கொட்டில் இருக்கும் இடத்தில்
நின்றுவிட்டது.
ஏன் இங்கே என்று கேட்டால்
மண்ணியல் படித்த பக்கத்துப் பண்ணை ஏஸ்பென்
உதட்டைப் பிதுக்குகிறான்.

பனி உட்கார்ந்த பக்கம் களிமண்,
பிசைந்து அப்படியே விட்டுப்போன மாவுபோல
மேடும் மடிப்புமாக.
பனி உருகி ஓடிய பக்கம் மணல்.
சத்தையெல்லாம் அலசிக்கொண்டுபோன தண்ணீர்
எனக்கென்று வைத்த தட்டையான மிச்சம்.

அவனுக்குக் கோதுமை, சர்க்கரை பீட்ரூட்.
எனக்கு உருளைக்கிழங்கு, அதுவும் வானம் கண் திறந்தால்.
மே மாதக் காற்றில் என் வயல்
எழுந்து சாலையைக் கடக்கும்.
நான் போட்ட கேரட் விதை
அவன் வேலியோரம் முளைத்திருப்பதைப்
பார்த்தும் பாராமல் போயிருக்கிறேன்.

அவன் நிலம் கல் ஈனும்.
ஒவ்வொரு குளிரும் அடியிலிருந்து நெம்பித் தள்ள
வசந்தத்தில் கொழு முனையில் டங்கென்று ஒரு நார்வே.
ஆஸ்லோப் பக்கத்துக் கல் என்று ஏஸ்பென் சொன்ன ஒன்று,
செம்பழுப்பில் சாய்சதுரப் புள்ளி போட்டது,
அண்ணன் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

ஏழு வருஷம்
கிறிஸ்துமஸுக்கு மட்டும் பேசினோம்.

போன அக்டோபரில் மழை விடவே இல்லை.
இரவு பத்து மணிக்குப் போன்:
"சிட்செல், பீட்ரூட் பிடுங்கும் இயந்திரம்
அச்சுவரை இறங்கிவிட்டது."
என் மணல் மதியமே தண்ணீரைக் குடித்து முடித்திருந்தது.
டிராக்டரை எடுத்தேன்.
கோட்டைத் தாண்டியது டயருக்குத் தெரிந்தது;
சப்புக்கொட்டத் தொடங்கியது.

சங்கிலி மாட்டி மூன்று முறை இழுத்தோம்.
நான்காவதில் சேறு
அவனுடைய ஒரு பூட்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டு
மற்றதையெல்லாம் விட்டது.

ஒற்றைக் காலுறையில் நின்றபடி
"நாணயத்தை மறுபடி சுண்டலாமா?" என்றான்.
டார்ச்சை அவன் கையில் திணித்துவிட்டுக்
குனிந்து முழங்கைவரை கையை விட்டேன்.
பூட்ஸ் அகப்படவில்லை.
விரல் நுனியில் ஒரு கல், சில்லென்று,
தடவத் தடவ விளிம்பே வராத அகலத்தில்,
மேலே வந்துகொண்டிருந்தது.