விலங்குப் புல்

முள்ளெலியின் குட்டிகளைப்
பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.
சென்சியேனே இரவு. குன்றெங்கும் மஞ்சள் பூ.
தாய் பெட்டியை மூன்று முறை சுற்றியது,
இரும்பைக் கடித்துப் பார்த்தது,
காட்டுக்குள் போய்விட்டது.
விடியுமுன் வாயில் ஒரு புல்லோடு வந்தது.
புல் பட்டதும் பூட்டு
கொட்டாவி விடுவதுபோல் பிளந்துகொண்டது.

ஈசா ஆற்றில் போட்டுப் பார்த்தேன்.
மலையை நோக்கி, நீரோட்டத்துக்கு எதிராக நீந்திற்று.
அதுதான்.

காட்டில் திரிவதும் விலங்கு,
கைதியின் காலில் கிடப்பதும் விலங்கு.
விலங்குப் புல் என்கிறார்களே,
இரண்டில் எதை அவிழ்க்கும் புல் என்று
மராமுரேஷில் ஒருவரும் கேட்டதில்லை.
நானும் கேட்கவில்லை.

வலது உள்ளங்கையைக் கீறி
இலையை உள்ளே வைத்து
சணல்நூலால் நாலு தையல் போட்டேன்.
என் உடம்பில் கடைசியாக மூடிய காயம் அது.

உப்புச்சுரங்கச் சிறைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி.
ஏழு கதவு.
தூங்கிய காவலனைத் தாண்டும்போது
அவன் இடுப்பு வாரும் அவிழ்ந்து விழுந்தது.
சிரித்துவிட்டேன், அந்த இடத்திலும்.
ஏழாவது கதவுக்குப் பின்னால் என் தம்பி தோவாதெர்,
தாடி முழுக்க உப்பு.

மாவாலைக் கவ்ரிலா, அவன் மனைவி, தொட்டிலில் கிடந்தது,
மூன்று பேர் என்றது தீர்ப்பு.
கோடாலி எங்கள் வீட்டுக் கோடாலிதான்.
அதற்கு முந்தின வாரமே அது களவுபோனதென்று
சிலுவைமேல் கைவைத்துச் சொன்னவள் நான்.
தம்பி அப்படித்தான் சொல்லியிருந்தான்.

வீடு வந்தபின்
சட்டைப் பொத்தான்கள் நிற்கவில்லை.
தொழுவத் தாழ் நிற்கவில்லை.
வியாழனில் பிறந்த எங்கள் ஜோயானா,
கறக்க உட்கார்ந்தேன்,
பாலுக்குப்பின் சிவப்பு வந்தது, நிற்கவில்லை.
பரஸ்கீவாவுக்கு ஏழாம் மாதம்.
வேலியருகே என் கையை இழுத்துத்
தன் வயிற்றில் வைத்து, "உதைக்கிறான் பார்" என்றாள்.
மற்றதைச் சொல்லமாட்டேன்.
கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நான் போவதில்லை.

கொல்லன் இலாரியோனிடம் போனேன்,
கையைக் கீறி எடுத்துவிடு என்று.
நான் வாசலில் நின்றதுமே
அவன் பிடித்திருந்த குதிரையின் லாடத்திலிருந்து
ஆணிகள் ஒவ்வொன்றாகத் துள்ளி வெளியே விழுந்தன.
"கீறலாம்," என்றான்,
"கீறினதை எதைக்கொண்டு மூடுவாய்?"

நேற்று சாப்பிடும்போது தோவாதெர்
மேசைக்கு அந்தப்பக்கமிருந்து கையை நீட்டி
என் கையைப் பற்றினான்.
வலது கையை.
நன்றி சொல்லத்தான் வாயெடுத்தான்.
வாய் திறந்துகொண்டது.

வரிசையாகச் சொன்னான். எதையும் விடவில்லை.
முதலில் நாய். அப்புறம் கவ்ரிலா.
அவள் ஜன்னல்வரை ஓடினாளாம்.
தொட்டில் கடைசி.
அழுகை எரிச்சலாக இருந்தது என்றான்,
மழை வருகிறது என்று சொல்லும் குரலில்.
என் கையை விட்டதும் வாய் மூடிக்கொண்டது.
என்ன சொன்னோம் என்பதே அவனுக்குத் தெரியாது.
கரண்டியைத் துடைத்துவிட்டு
மாமலிகா இன்னும் இருக்கிறதா என்றான்.
போட்டேன்.

இன்றிரவு பனி கொட்டுகிறது.
கீழ்த்தெருவில் கவ்ரிலாவின் தம்பி வீட்டில்
இன்னும் விளக்கு அணையவில்லை.
இன்று மூன்று முறை அந்த விளக்கைப் பற்றி
தோவாதெர் என்னிடம் கேட்டுவிட்டான்.

வலது கையைக் கம்பளிக்குள் கம்பளி சுற்றி
முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிறேன்.
வெளியே, கதவில் சாய்ந்து,
இடது கையால் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி
பனியில் உட்கார்ந்திருக்கிறேன்.
இந்த வீட்டில் இனி எந்தப் பூட்டும் பூட்டாது.

உள்ளே
அவன் பூட்ஸ் மாட்டும் சத்தம்.
ஒரு கால்.