அட்டை

பன்விலையில் இருந்து வேனில் ஒன்பது பேர்.
கொழுந்து இல்லாத ஞாயிறு.
அட்டை கடிக்கும் என்று
காலெல்லாம் சவர்க்காரம் தேய்த்திருந்தோம்.

ரிசர்வ் வாசலில் தகரக் கூண்டு.
உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு ஒரு விலை.
கூண்டுக்குள் இருந்த கை
எங்கள் பேச்சைக் கேட்டதும் அட்டை கேட்டது.
ஒன்பதையும் பொலித்தீன் பையோடு
ரவிக்கைக்குள் இருந்து எடுத்தாள் மதினி.

பலகையில் மூன்று மொழி.
தமிழில் மட்டும்
"விரகு எடுத்தல் தடை."
"விரகுமா எடுக்கக்கூடாது!" என்று சிரித்தாள்
ஓ.எல். வரை படித்த யோகமலர்.

மதினி சிரிக்கவில்லை.
போன மார்கழியில், இதே காட்டின் மேல் எல்லையில்,
தானாய் விழுந்த ஒரு கட்டுச் சுள்ளிக்கு
ஆறு நாள் பேரைத் தண்டமாய்க் கட்டியவள்.

நடந்தோம்.
ஆள் விட்டுப்போன பிறகும்
ஏலக்காய் மணக்கும் சரிவு.
அதைத் தாண்டினால்
ஊதி அணைத்த தீக்குச்சியின் வாசம்.

பாறை இடுக்கில் தண்ணீர்
தன்பாட்டில் வெந்துகொண்டிருந்தது.
அடுப்பில்லை, ஊதுகுழல் இல்லை,
கண்ணைக் கசக்க ஒருத்தி இல்லை.
"இதுக்கு எவன் பர்மிட் குடுத்தான்?" என்றாள் மதினி,
விரலை விட்டு, வெடுக்கென்று எடுத்து.

மேல் குழிகளில் சுற்றுலாக் கூட்டம்.
கடைசிக் குழியில்
காக்கிக் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி
காலை நனைத்துக்கொண்டிருந்தான் ஒருவன்.
தொப்பி பாறைமேல்.

மதினி என் முழங்கையைக் கிள்ளினாள்:
"துண்டு எழுதுனது இந்த ஆளுதான்."

அவனுக்கு ஞாபகமில்லை.
கூடை தூக்கும் பெண்களுக்கெல்லாம்
அவன் கண்ணில் ஒரே முக்காடு.
"வாங்க, வாங்க. கால் நோவுக்கு ஹொந்தாய்" என்றான்.
தண்ணீருக்கடியில் அவன் குதிகால்
எங்களுடையதைப் போலவே
பாளம் பாளமாய் வெடித்திருந்தது.

கொஞ்சம் நின்றாள்.
பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
அவனுக்கு நேர் எதிரே இறங்கினாள்.
மன்னித்த முகம் இல்லை அது.
காலுக்கு வலி, அவ்வளவுதான்.

நெடுநேரம் கழித்துச் சொன்னாள்:
"ஆறு நாள் சூட்டை எடுத்துட்டுத்தான் எந்திரிப்பேன்."
புரியாமல் தலையாட்டிச் சிரித்தான்,
தள்ளி உட்கார்ந்து இடமும் விட்டான்.

வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள்.
சோறு கட்டிய தாள், ஈரச்சேலை, ஒற்றைச் செருப்பு.
போகலாம் என்றார்கள்.

வேன் இரண்டு வளைவு இறங்கிய பிறகுதான்
மதினியின் கெண்டைக்காலைக் காட்டி யோகமலர் கத்தினாள்.
கறுத்து, உருண்டு, நிறைந்து தொங்கியது.

"இரு, பிடுங்காத" என்றாள் மதினி.
"டிக்கட்டு எடுத்துச்சான்னு
மொதல்ல கேளு."