முதுகு பார்ப்பவர்

பத்தாம் நாள் கூப்பிட்டேன்.
"முதுகுல ஏதாவது சிவப்பு தெரியுதா?"
மறுமுனையில் ஐஸ் உடைக்கும் இயந்திரம்.
அது அடங்கியதும் கலியவரதன்:
"நெஞ்சுக்குத்தானேம்மா வைத்தியம் பார்த்தீங்க,
முதுகை ஏன் கேக்குறீங்க?"

நியாயமான கேள்வி.
சொல்லியிருந்தோம், கையெழுத்தும் வாங்கியிருந்தோம்:
மேசைக்கு அடியில் இருக்கிறது கதிர்க்குழாய்.
முதுகில் நுழைந்து, இதயத்தைக் கடந்து,
மேலே வந்து படமாகும்.
நுழையும் இடத்தில்தான் அதிகம் தங்கும்.
விசேஷ வீட்டில் வாசலில்தானே செருப்பு குவியும்.

"முதுகு என்னுதுதான். அம்பத்தாறு வருஷமா
நான் பார்த்ததில்ல.
பாக்குறவ திருப்பூர்ல பேரனை வெச்சிக்கிட்டிருக்கா."

அந்தச் செவ்வாய்க்கிழமை,
புதுச்சேரியில் எங்கள் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி.
முழுதாய் அடைத்துப்போன குழாய்.
மூன்று மணி பத்து நிமிடம்.
கம்பி முன்னே போகும், வளையும், திரும்பி வரும்.
மிதியில் டாக்டரின் கால்.
திரையின் மூலையில் எண்ணைப் படிப்பது என் வேலை.
"மூணு கிரே சார்."
"ம்."
"நாலு."
"ஒரே நிமிஷம், கம்பி உள்ள போயிடுச்சு."
அந்த ஒரே நிமிஷம்
பதினெட்டு நிமிடம் நீண்டது.
நான் எண்ணைப் பார்த்தபடி நின்றேன்.
"ஆறு. கோணத்தை மாத்திடலாமா சார்?"
உடனே மாற்றினார். கோபப்படவில்லை,
இதையும் சொல்லியாக வேண்டும்.
வழி திறந்து ரத்தம் ஓடியதைத் திரையில் பார்த்தோம்.
யாரோ கை தட்டினார்கள்.

எனக்கு ஈயக் கவசம், கழுத்துப் பட்டை.
காலரில் ஒரு பேட்ஜ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை
என் பங்கை எண்ணி அனுப்பிவிடுவார்கள்.
அவருக்கு ஒரு எண் மட்டும்.
ஏழு புள்ளி நாலு.
டிஸ்சார்ஜ் தாளில் எழுதினேன்.
மாத்திரை அட்டைகளுக்கு அடியில் போயிருக்கும்.

இருபத்து மூன்றாம் நாள் அவரே அழைத்தார்.
"அரிக்குது. மெடிக்கல்ல படர்தாமரைன்னு
ஒரு டியூப் குடுத்தான்."
"போடாதீங்க. யாரையாவது பார்க்கச் சொல்லுங்க."
"யாரை?"

யாரை.
கடலூர் முதுநகர்த் துறைமுகம் விடியுமுன்னே
ஆட்களால் நிரம்பிவிடும்.
சட்டையைத் தூக்கி, இங்க பாரு என்று சொல்ல
அதில் ஒருவர் வேண்டும்.

சாயங்காலம் தெரியாத எண்.
"மேடம், நான் தணிகாசலம், சலூன் வெச்சிருக்கேன்.
அண்ணனைத் திருப்பி உக்கார வெச்சு
முன்னால ஒரு கண்ணாடி, பின்னால ஒண்ணு.
அவரும் பார்த்துட்டாரு.
வலது தோள்பட்டைக்குக் கீழ.
வட்டமா இல்ல மேடம். சீட்டுக்கட்டு மாதிரி
நாலு மூலையும் நேரா இருக்கு."

படர்தாமரைக்கு மூலை கிடையாது.

படமும் அனுப்பினார்.
பின்னணியில் பவுடர் டப்பா, காலண்டர்,
நடுவில் அடர்சிவப்பாய் ஒரு கட்டம்.
முதுகெலும்புப் பக்கம் அதன் ஓரம்
ஸ்கேல் வைத்துக் கோடிழுத்ததுபோல் நிற்கிறது.
கோட்டுக்கு அப்பால் தோல் வெறும் தோலாய்.
அங்கேதான் நான் வாய் திறந்தேன்.
திறக்காத பதினெட்டு நிமிடம்
கோட்டுக்கு இந்தப் பக்கம்.

"சொறியாதீங்க. சூடு ஒத்தடம் வேணாம்.
டெஸ்டுக்குன்னு யாரையும் அங்க
சதை வெட்டி எடுக்க விடாதீங்க, தாளைக் காட்டுங்க.
வியாழக்கிழமை வந்துடுங்க."

வந்தார்.
கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம்,
எங்கும் சீட்டில் சாயாமலே வந்தாராம்.
"உப்பனாத்துப் பாலத்தை இப்ப
நிக்காம தாண்டுறேன். அதை யாருமே கேக்கலியே."
டாக்டர் அளந்தார், படம் எடுத்தார்,
சட்டையை அவரே இறக்கிவிட்டார்.
"இது எங்களால வந்தது."
"தெரியும் சார். சலூன்ல பார்த்தேன்."

படிவத்தை நிரப்பினேன்.
அடுத்த அழைப்பு: மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம்.
உடனிருப்பவர்: தணிகாசலம்.
உறவுமுறைக்கு விட்ட கட்டம் மிகச் சின்னது.
பேனாவை வைத்து எடுத்து, வைத்து எடுத்து,
நுணுக்கி எழுதினேன்:
முதுகு பார்ப்பவர்.