இரண்டு விரல்

பதினொரு பேர், நான்கு ரம்பம்,
பின்கதவைக் கயிற்றால் கட்டிய ஒரு வேன்.
ஹெக்டேர் கணக்கில் கூலி.
கேப் மலைச்சரிவில்
ஸ்வார்ட்க்ளூஃப் பள்ளத்தாக்கு.
இங்கே ஓர் ஓடை என்கிறது வரைபடம்.
எங்களுக்குக் கேட்டது
வாட்டில் இலைகள் உரசுவது மட்டும்.

நொலுவுயோ வெட்டிக்கொண்டே முன்னே போவாள்.
நீலச் சாயம் கலந்த மருந்தை
அடிக்கட்டைகளில் பூசிக்கொண்டு
பின்னால் நான்.
மாலையில் திரும்பிப் பார்த்தால்
மலை முழுக்க நீல வட்டங்கள்,
யாரோ எதையோ எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுப்போனதுபோல.
என் கட்டைவிரல் நகத்திலும் நீலம்.
தேர்தல் முடிந்து இரண்டு வருடமாயிற்று,
இன்னுமா ஓட்டுப் போடுகிறாய்
என்கிறாள் ரொட்டிக் கடைக்காரி.

திராட்சைத் தோட்டத்து ரெத்தீஃப்
வேலியோரம் வண்டியை நிறுத்தினார்.
"பச்சையாய் இருந்த மலையை
மொட்டையடித்துவிட்டீர்களே."
நொலுவுயோ ரம்பத்தை அணைத்தாள்.
"உங்கள் ஆழ்துளைக் கிணறு
எத்தனை மீட்டர், ஐயா?"
சொன்னார்.
"போன வருடம்?"
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மரத்தின்மேல் எங்களுக்குக் கோபமில்லை.
தோல் பதனிட வேண்டுமென்று
யாரோ கப்பலில் கூட்டிவந்தார்கள்.
ஒண்ட வந்தது
ஊரையே எழுதி வாங்கிக்கொண்டது,
வீட்டுக்காரர் குவளையிலும் குடித்தது.

இந்த மண்ணின் செடிகளுக்கோ
தன்னைக் காட்டிக்கொள்ளத் தெரியாது.
முழங்கால் உயரம், ஊசி இலை.
தூரத்தில் வெறும் சாம்பல் நிறம்.
குனிந்தவனுக்குத்தான் பூ.
புரோட்டியாவை எல்லோருக்கும் தெரியும்,
கிரிக்கெட் சட்டையில் இருக்கிறது.
எரிக்காவை யார் கேட்டார்கள்?
அறுநூறு வகைக்கு மேல்.
எங்கள் வேனை நிறுத்தும் அகலத்தில்
அதில் ஒன்றின் உலகம் முடிந்துவிடலாம்.

பயிற்சியின்போது எறும்புகளைப் பற்றிச் சொன்னார்கள்.
விதை நுனியில் ஒட்டிய கொழுப்புக்காக
வளைக்குள் இழுத்துப்போகுமாம்.
கொழுப்பைத் தின்றுவிட்டு
விதையை அங்கேயே போட்டுவிடுமாம்.
விதை பதினைந்து வருடம், இருபது வருடம்
கிடக்குமாம் அந்த இருட்டில்.
மழைக்காக அல்ல,
நெருப்புக்காக.
நான் நம்பவில்லை.
தேநீர் எப்போது வருமென்று பார்த்திருந்தேன்.

மார்ச்சில் தீ வந்தது,
தென்கிழக்குக் காற்றின் தோளேறி.
நான்கு நாள் வேலையில்லை, கூலியில்லை.
ஐந்தாம் நாள் போனோம்.
கால் வைத்த இடமெல்லாம் பொடிந்தது.
ஓர் ஆமையோடு
கழுவாத சட்டிபோலக் கிடந்தது.
நொலுவுயோ அதைக் கவிழ்த்துவைத்தாள்.
அன்று யாரும் டப்பா திறக்கவில்லை.

அடுத்த வாரம்
கரிக்கு நடுவே ஒரு சிவப்பு.
அணையாத கங்கென்று
பூட்ஸ் காலைத் தூக்கினான்
புதிதாய்ச் சேர்ந்த சிவிவே.
"மிதிக்காதே!"
பத்துப் பேருக்கும் ஒரே தொண்டை.
இலைகூட இல்லை அதற்கு.
தண்டு, தண்டின் உச்சியில்
தலை கவிழ்ந்த நான்கு மணிகள்.
புகையை மூச்சிழுத்து எழுந்த
நெருப்பு அல்லி.

இதோடு முடித்திருந்தால் நன்றாயிருக்கும்.
ஜூன் மழைக்குப் பின்
வாட்டிலும் முளைத்தது,
பாய் விரித்ததுபோல, ஆயிரமாயிரம்.
அதன் விதையும் மண்ணுக்குள்
அதே தீக்குத்தான் காத்திருந்திருக்கிறது.
நெருப்பு ஆள் பார்த்துப் பரிமாறுவதில்லை.

ரம்பங்கள் வேனிலேயே இருக்கட்டும்.
மண்டியிட்டு வரிசையாக நகர்கிறோம்.
இறகுபோல் இலை விட்டால் வாட்டில்.
இந்த வயதில் அதற்கு
இரண்டு விரல் போதும்.
தடித்த இரட்டை இலையென்றால்
தொடாமல் தாண்டு.

நொலுவுயோ ஒன்றின் கழுத்தைப் பிடித்தபடி
நின்றுவிட்டாள்.
"இது யார்?"
எனக்கும் தெரியவில்லை.
ஃபோர்டுயினைக் கூப்பிட்டோம்,
மேஸ்திரிக்கும் தெரியவில்லை.
பக்கத்தில் ஒரு கரிக்குச்சியை நட்டு
அப்படியே விட்டுவைத்தோம்.

கீழே எங்கேயோ
கூழாங்கற்களுக்கிடையில்
ஈரமாக ஏதோ பேசிற்று.
வரைபடத்தை
யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.